டிவி பெரியம்மா திருடிய வசனங்கள்

போன மாதம் என் மகள் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கீழே ஒரே ஒரு வரி: "அம்மா, இது உங்க பெரியப்பாதானே?" ஆதம்பாக்கத்து வீட்டில் அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு கையில் கரண்டியோடு திறந்து பார்த்தேன். பெரியப்பாவேதான். கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி, தோளில் துண்டு, கூடத்து நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிக்கிறார். ரசம் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது.

அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை வந்த நகைச்சுவைத் தொடர் அது. யாரோ ஒரு புண்ணியவான் கேசட்டில் பதிந்து வைத்திருந்ததை இப்போது எடுத்துப் போட்டிருக்கிறார். படம் வெளிறிப்போய்க் கோடுகோடாக ஓடுகிறது. அதற்கும் கீழே ஏகப்பட்ட பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். பேசுவதற்கு முன்னால் அந்த மனுஷன் ஒரு நிறுத்தம் விடுகிறாரே, அதுதான் நடிப்பு என்று ஒருவர். இப்போது வரும் சீரியலில் மூஞ்சியை மூன்று தடவை காட்டி டமார் டமார் என்று சத்தம் போட்டாலும் இது வராது என்று இன்னொருவர். இதெல்லாம் படிக்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்ததைப் படித்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "பொண்டாட்டியா வர்ற அந்தம்மாதான் ஓவர். மனுஷனைப் பேசவே விட மாட்டேங்குது. அவர் டயலாக்கையும் சேர்த்து அதுவே பேசுது."

பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் இடத்தில் அதை எப்படிச் சொல்வது? இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அப்போது சாந்தோமில் இருந்தோம். மாதா கோயிலுக்குப் பின்னால் கடற்கரைக்குப் போகிற சந்தில், கீழும் மாடியுமாக ஒரு வீடு. கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும். மாடியில் அப்பா, அம்மா, நான். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் சாப்பிடுவது ஒரு வீட்டில், தூங்குவது ஒரு வீட்டில், அடி வாங்குவது இரண்டு வீட்டிலும் என்று வளர்ந்தேன்.

பெரியப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய வாரத்தில் கோயில் மைதானத்தில் போடுகிற பாஸ்கு நாடகத்தில் வருஷா வருஷம் இயேசுவுக்குத் தீர்ப்பு எழுதுகிற பிலாத்து வேஷம் அவருக்குத்தான். வெள்ளித் தட்டில் அவர் கை கழுவும்போது மைதானமே மூச்சு விடாது. அதைப் பார்த்த யாரோ மயிலாப்பூர் சபா நாடகத்துக்குக் கூப்பிட்டுப் போனார்கள். அங்கிருந்து டிவிக்கு வந்தார். தொடரில் அவர் ஒரு வீட்டுக்காரர். குடித்தனக்காரர்களோடு ஓயாமல் சண்டை போடுவார். எல்லோரையும் வாயால் ஜெயிப்பார். மனைவியிடம் மட்டும் தோற்பார். புதன்கிழமை சாயங்காலம் அது வரும்போது எங்கள் சந்தில் ஈ காக்காய் இருக்காது.

மனைவியாக நடித்தவர் கோடம்பாக்கத்திலிருந்து வருவார். சின்ன வயதிலிருந்தே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். நல்ல கறுப்பு, நல்ல உயரம், எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல். எனக்கு வீட்டிலேயே ஒரு பெரியம்மா இருந்ததால் இவருக்கு டிவி பெரியம்மா என்று பெயர் வைத்தேன். "அப்ப நான் யாருடி, ரேடியோ பெரியம்மாவா?" என்று நிஜப் பெரியம்மா கேட்பார்.

அந்த வருஷம் பெரியப்பா வீட்டிலும் எங்களை நிறையச் சிரிக்க வைத்தார். ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, கையில் செபமாலையோடு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து, "என்ன, ஒருத்தரையும் காணோம்? ஃபாதருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, "இந்த வீட்டுல காபின்னு ஒண்ணு உண்டா இல்லையா?" என்று குரல் கொடுப்பார். வந்திருக்கிற விருந்தாளி, "சார் வீட்லயும் அதே காமெடிதானா!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கொஞ்சம் தாமதமாக, பெரியப்பாவும் சிரிப்பார். அந்தத் தாமதத்தையும் நடிப்பு என்றுதான் நினைத்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் தொடரின் வசனம் வந்து சேரும். கம்பெனி ஆள் ஒருவர் டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவார். கார்பன் வைத்து எழுதிய ஊதா எழுத்து, தொட்டால் விரலில் ஒட்டும். பெரியப்பாவுக்குப் பாடம் கேட்பது என் வேலை. மற்றவர்கள் பேசுவதையெல்லாம் நான் வாசிப்பேன். தன் வசனத்தை அவர் ஒப்பிப்பார். எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. வாய்ப்பாட்டை எனக்கு உருப்போட வைத்த மனுஷன் என் முன்னால் கைகட்டி நின்று ஒப்பிக்கிறார் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆரம்பத்தில் ஒரு தடவை வாசித்தால் போதும், அப்படியே சொல்வார். பிறகு இரண்டு தடவை. பிறகு சாயங்காலம் வரைக்கும் இழுத்தது. மூன்று முறை சரியாகச் சொன்ன வரியை நான்காவது முறை கேட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னைச் சீண்டுவதற்காக வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து நானும் சிரிப்பேன். அவர் கோபித்துக்கொள்வார். இவருக்கு வேடிக்கையும் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அவரும் நானும் பஸ் பிடித்து அடையாறுக்குப் போவோம். அங்கே வாடகைக்கு எடுத்த பழைய பங்களாவில்தான் ஷூட்டிங். ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நாள். பஸ்ஸில் யாராவது ஒருத்தர், "சார், நீங்க அந்த வீட்டுக்காரர்தானே?" என்று எழுந்து இடம் கொடுப்பார். பெரியப்பாவின் முதுகு அப்போது நேராகும். அந்த வேஷம் போய்விட்டால் பெரியப்பாவிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் டேப்பை வீணாக்க மாட்டார்கள். ஒரு காட்சியை நாடகம் மாதிரி நிற்காமல் எடுப்பார்கள். நடுவில் ஒருவர் தடுமாறினால் மறுபடி முதலிலிருந்துதான். இப்போது மாதிரி வரிக்கு ஒரு வெட்டு கிடையாது. அதனால்தான் அந்த நடிப்பில் உயிர் இருந்தது என்று இன்றைக்கு எழுதுகிறார்கள். இருக்கலாம். எல்லோர் வயிற்றிலும் புளி கரைத்துக்கொண்டிருந்ததும் அதனால்தான்.

எனக்கு எல்லோருடைய வசனமும் மனப்பாடம். கேமராவுக்குப் பின்னால் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கொண்டே பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போதுதான் திருட்டைக் கண்டுபிடித்தேன்.

தண்ணீர் லாரி வராத ஒரு காட்சி. பெரியப்பா சொல்ல வேண்டியது இது: "இந்தத் தெருவுக்குத் தண்ணி லாரிக்கு வழி தெரியாது. உங்க அண்ணனுக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சிடுது." பெரியப்பா பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மனைவியைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்துவிட்டேன். அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்குள் டிவி பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாலடி முன்னால் வந்தார். "என்ன மொறைக்கறீங்க? தண்ணி லாரிக்கே தெரியாத வழி எங்க அண்ணனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சதுன்னுதானே கேக்க வர்றீங்க? கேளுங்களேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

லைட் பிடித்துக்கொண்டிருந்தவர்கூடக் குலுங்கிச் சிரித்தார். புதன்கிழமை ஊரே சிரித்தது. 'வாயில என்ன கொழுக்கட்டையா' என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. அந்த வசனம் என் பெரியப்பாவுடையது. நான் உட்கார்ந்து அவருக்குப் பாடம் கேட்டது. அதை நட்டநடுக் கூடத்தில், பட்டப்பகலில், இந்த அம்மாள் பிடுங்கிக்கொண்டு பேர் வாங்குகிறார்.

அன்றிலிருந்து கணக்கெடுக்க ஆரம்பித்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி போட்டு, பெரியப்பாவின் எந்த வசனத்தை அவர் பேசினார் என்று பென்சிலால் எழுதிவைப்பேன். முதல் வாரம் நாலு. அதற்கு இரண்டு வாரம் கழித்து ஆறு. பிறகு ஒன்பது. அடேயப்பா, இந்தம்மாவுக்குத்தான் எவ்வளவு பேராசை என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் சந்தேகமே வேண்டாம் என்று எனக்குப் பட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது டிவி பெரியம்மா வராந்தாவில் உட்கார்ந்து வசனம் படிப்பார். போய் ஒட்டுக்கேட்டேன். அவர் படித்துக்கொண்டிருந்தது பெரியப்பாவின் பக்கங்களை. தன் வசனத்தை ஒரு தடவை முணுமுணுத்துவிட்டுப் போவார். பெரியப்பாவின் வசனத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார். என்னைப் பார்த்ததும், "என்ன கண்ணு, பசிக்குதா?" என்று டிபன் டப்பாவைத் திறந்து பொடி தடவிய இட்லி ஒன்றை எடுத்து நீட்டினார். திருடியின் இட்லி. இருந்தாலும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் தன் உதவியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "வீட்டுக்காரர் வர வர பேசறதே கொறைஞ்சு போச்சேய்யா. எல்லாம் அந்தம்மாவே பேசுது. இப்படியே போனா அவர் எதுக்கு? ஒரு மருமகனைக் கொண்டாந்து கதையை அப்படியே திருப்பிடலாமா பாரு." இந்த அம்மாள் செய்கிற வேலையால் என் பெரியப்பாவைத் துரத்தப்போகிறார்கள். ஏன் ஒருவரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்? பெரியப்பா ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்? பஸ்ஸில் அவரிடமே கேட்டேன். "உங்க டயலாக்கை அவங்க சொல்றாங்களே, உங்களுக்குக் கோவம் வரலியா?" பெரியப்பா பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "நல்ல நடிகைம்மா அவங்க" என்றார். அவ்வளவுதான். பயந்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்த வசனத்தில் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். அதில் பெரியப்பாவுக்கு ஒரு பெரிய வசனம் இருந்தது. எப்போதும் மனைவியைத் திட்டுகிற மனுஷன் முதல்முறையாக மனசைத் திறந்து பேசுகிறார். "முப்பது வருஷமா உன் சமையலைக் குத்தம் சொல்லியிருக்கேன். நீ ஊருக்குப் போன ஒரு வாரம் ஓட்டல்ல சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டுல ஒரு குத்தமும் இல்லை. ஆனா தொண்டையில எறங்கலை." மத்தியானம் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அதையே படித்தோம். கடைசி நாலு தடவை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நிஜப் பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இது எங்களுடையது, இதை யாரும் தொட முடியாது என்று நான் மார்தட்டிக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் பங்களா நிறைய ஆட்கள். தொடருக்கு விளம்பரம் கொடுக்கிற ஊறுகாய்க் கம்பெனிக்காரர் வேறு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாலையோடு பெரியப்பாவும் டிவி பெரியம்மாவும் நின்றார்கள். பெரியப்பா ஆரம்பித்தார்.

"முப்பது வருஷமா…"

நின்றுவிட்டார். வலது கை விரலை லேசாகத் தூக்கினார். அடுத்த வரி வருவதற்கு முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி. நான் வாளிமேல் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சமையல், பெரியப்பா, சமையலை.

டிவி பெரியம்மா அவர் விரலைப் பிடித்து மெதுவாக இறக்கினார். "முப்பது வருஷமா என் சமையலைக் குத்தம் சொல்றீங்க. நான் ஊருக்குப் போன வாரம் ஓட்டல்ல சாப்பிட்டீங்க. அதுல குத்தமே இல்லை. ஆனா எறங்கலை. அதானே சொல்ல வர்றீங்க?" எப்போதும் கத்துகிறவர், அன்றைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். "சொல்ல வேணாம். எனக்குக் கேட்டுடுச்சு."

பெரியப்பாவின் கண் நிறைந்துவிட்டது. ஊறுகாய்க் கம்பெனிக்காரர் கர்ச்சீப்பை எடுத்தார்.

"அது பெரியப்பா டயலாக்!"

நான்தான் கத்தினேன். வாளியைத் தள்ளிவிட்டு எழுந்து, நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு முன்னாலேயே போய் நின்றேன். "எப்பப் பாத்தாலும் அவரோடதையே திருடறாங்க! எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். போன வாரம் ஒம்போது! அதுக்கு முன்னாடி ஆறு! பெரியப்பாவைப் பேசவே விட மாட்டேங்கறாங்க!" அழுகையும் கோபமுமாக ஒவ்வொரு தேதியாக வாசித்தேன். "இன்னா பாப்பா நீ, நல்லா போய்க்கினு இருந்த சீனைக் கெடுத்துட்டியே" என்று லைட்காரர் முனகினார். டைரக்டர் என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார்.

இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே பார்த்திருந்தால் அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். டிவி பெரியம்மா விடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பழைய எட்டு வீட்டுக் குரலில் ஆரம்பித்துவிட்டார். "பாப்பா சொல்றது நெஜந்தான் சார். பாவம், அவர் நல்லாத்தான் படிச்சிட்டு வர்றாரு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. முந்திரிக்கொட்டையாட்டம் நடுவுல பூந்துடறேன். கைதட்டு வாங்கிப் பழகின கட்டை, என்னா பண்றது?"

டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. வருகிற கடிதங்களிலும் இதைத்தான் எழுதுகிறார்கள் என்று ஊறுகாய்க் கம்பெனிக்காரர் எடுத்துக்கொடுத்தார். டேப் என்ன விலை தெரியுமா, இது என்ன உங்கள் நாடகக் கொட்டகையா என்று டைரக்டர் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். டிவி பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இத்தனை வருஷத்தில் அதைவிடச் சிறந்த நடிப்பை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. நடுவில் வந்து விழுந்த என்னால் கேமராவை நிறுத்தியிருந்தார்கள். அதனால் அது எந்தக் கேசட்டிலும் இல்லை.

அப்போது பெரியப்பா வாயைத் திறந்தார். விரல் தூக்கினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் டிவி பெரியம்மாவைப் பார்த்தார். டிவி பெரியம்மா தலையை மட்டும் இம்மியளவு ஆட்டினார், வேண்டாம் என்று. விரல் மெல்ல இறங்கிவிட்டது. பெரியப்பா என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்ல வந்ததை மறந்துவிட்டாரா, மறக்காமலேயே விழுங்கிவிட்டாரா என்பதும் தெரியாது. அத்தனை வசனங்களை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர், அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை.

டிவி பெரியம்மா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். போகிற வழியில், டைரக்டர் வீசிப் போட்டிருந்த நோட்டை எடுத்து என் கையில் கொடுத்துக் கன்னத்தில் தட்டினார். "டப்பாவுல இட்லி இருக்கு கண்ணு. பெரியப்பாவையும் சாப்பிடச் சொல்லு" என்றார். நாங்கள் சாப்பிட்டோம்.

அந்தப் பெரிய வசனத்தைப் பெரியப்பாவைத் தனியாக நிறுத்தி, துண்டு துண்டாக எடுத்தார்கள். இன்று ஒரு நாளாவது அவரைத் தனியாகப் பேச விடுவோம் என்று டைரக்டரே ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பெரியப்பா திருப்பிச் சொன்னார். வீடியோவில் அதைத்தான் ஓகோவென்று புகழ்கிறார்கள். அடுத்த வாரமே மனைவி கதாபாத்திரம் மகளின் பிரசவத்துக்குப் பம்பாய் போய்விட்டது. அவருக்குப் பதிலாக வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை வந்தார். புதிதாக வந்த நடிகை நல்ல ஒழுங்கு. தன் வசனத்தைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா பேசி முடிக்கும் வரைக்கும் மரியாதையாகக் காத்திருப்பார்.

முதல் நாள் அவர் காத்திருந்தார். பெரியப்பா பேப்பரை மடித்தார், கண்ணாடியைக் கழற்றினார், விரலைத் தூக்கினார். நிறுத்தம் நீண்டது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா திரும்பி, டிவி பெரியம்மா எப்போதும் வருகிற அடுப்படி வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. "கட்" என்றார் டைரக்டர். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அடுப்படி வாசலைப் பார்த்தார். ஆறு தடவை. இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. பரலோக மந்திரம் தவிர வேறு மந்திரமே அறியாத என் பெரியப்பாவைக் கதையில் காசிக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பதிமூன்று வயதில்தான் உண்மை தெரிந்தது. பெரியப்பா சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நின்றிருந்த நாளுக்கு மறுநாள், ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். இந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். பெரியம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் அந்த நோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். நாலு, ஆறு, ஒன்பது. டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவ்வளவு கவனமா எழுதினது?" என்று பாராட்டுகிற மாதிரி கேட்டார். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் கோடம்பாக்கம் போய் டிவி பெரியம்மாவைத் தேடினேன். வீட்டைக் காலி செய்து வருஷக்கணக்காகிறது என்றார்கள். கூட நடிப்பவர்கள் வசனத்தைத் தின்கிறவர் என்று பேராகி, அப்புறம் யாருமே கூப்பிடவில்லையாம். எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது நான் பெரியப்பாவைப் பார்ப்பதில்லை. அவர் விரல் தூக்கும் நேரத்தில் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அந்த அம்மாளைப் பார்க்கிறேன். கை கீரையில் இருக்கும், கண் பெரியப்பாவின் உதட்டில் இருக்கும். உடனே பாய மாட்டார். அவராகவே பிடித்துவிடுவாரா என்று கொஞ்சம் காத்திருப்பார். இரண்டு இடத்தில் பெரியப்பாவே வரியைப் பிடித்துவிடுகிறார். வாய்வரை வந்த வார்த்தையை அந்த அம்மாள் அப்படியே இருமலாக மாற்றிக்கொள்கிறார். அப்போது அந்த முகத்தில் வருகிற சந்தோஷம் எந்த வசனத்திலும் எழுதப்படாதது.

ஆனால் பத்து வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? புது நடிகை வந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஷூட்டிங் முடிந்து நாங்கள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியப்பா எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்திருந்தார். அடையாறு பாலம் வந்தபோது என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இன்னிக்கு அவங்க ஏன் வரலை?" என்று கேட்டார்.

"இனிமே வரவே மாட்டாங்க பெரியப்பா. நான்தானே சொல்லி நிறுத்த வெச்சேன்! உங்க டயலாக்கை இனிமே யாரும் எடுக்க முடியாது."

அவர் முகம் ஒரு கணம் எப்படியோ ஆயிற்று. பிறகு என் தலையைத் தடவி, "அப்படியா? சமத்து" என்றார்.

இரண்டு ஸ்டாப் போயிருக்கும். மறுபடியும் என் பக்கம் திரும்பினார். "அவங்க ஏம்மா இன்னிக்கு வரலை?" நான் மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொன்னேன். அதே மாதிரி முகம் மாறியது. அதே மாதிரி தலையைத் தடவினார். பட்டினப்பாக்கம் வந்ததும் மூன்றாவது தடவை கேட்டார்.

நான் செய்ததைக் கேட்கக் கேட்கப் பெரியப்பாவுக்கு அலுக்கவே இல்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாந்தோமில் இறங்குகிற வரைக்கும் அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.